செவலையின் மூக்கு ரேகை

அத்தியாயம் 4: சாட்சி மென்ற சாட்சியம்

சாட்சியத்தை மாடு தின்றுவிட்டது.

கமலாத்தாளின் கண்ணெதிரேதான் தின்றது. நல்ல தடித்த வெள்ளைக் காகிதம். அதன் நடுவே கறுப்பு மையில் பளிச்சென்று விழுந்திருந்தது ஒரு மூக்கு ரேகை. மை காயட்டும் என்று அவள் காகிதத்தைக் காற்றில் ஆட்டியதுதான் தப்பாகப் போயிற்று. அந்த மூக்கின் சொந்தக்காரியே நாக்கை நீட்டி, ஒரே சுழற்றலில் காகிதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஐயோ, எக்ஸிபிட்டு!"

"விடு மோளே," என்றார் டிரைவர் முகம்மது குட்டி. "சாட்சி சொன்னதை முழுங்கறது கோர்ட்டில தினமும் நடக்கறதல்லோ? மனுஷன் வார்த்தையை முழுங்குவான். இது காகிதத்தை முழுங்குச்சு. மாடு எவ்வளவோ தேவலை, எல்லார் முன்னாலயும் முழுங்குச்சு."

கூடி நின்ற கூட்டம் சிரித்தது. கமலாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டு முழுக்க மை, கோட்டுக்குக் கீழே முழங்கால் வரை சேறு, அதற்கும் கீழே சேறு என்று சொல்ல முடியாத வேறொன்று. இதற்காகவா ரசாயனம் படித்தோம் என்று இருந்தது.

எழுபத்துநாலாம் வருஷத்து வேலந்தாவளம் மாட்டுச் சந்தை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லா, இந்தப் பக்கம் பாலக்காடு ஜில்லா. எல்லை என்பதெல்லாம் போலீஸ்காரர்களுக்கும் செக்போஸ்ட்காரர்களுக்கும்தான். மாடுகளும் தரகர்களும் அதைக் கண்டுகொண்டதே இல்லை. சந்தைக்கு நடுவில் ஒரு நீலநிறப் போலீஸ் வேன் நின்றது. அதன் பக்கவாட்டில் 'சயன்டிஃபிக் பிரிவு' என்று மலையாளத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தும் பிரயோசனம் இல்லை. மாட்டாஸ்பத்திரி வண்டி என்று நினைத்துக் காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முகம்மது குட்டியும் சளைக்காமல் கழிச்சலுக்கு வைத்தியம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பிரிவு என்று பேர்தான் பெரிது. ஆள் இரண்டே பேர். ஒருவர் முகம்மது குட்டி. இன்னொருவர் சரஸ்வதியம்மாள், கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், முப்பதைத் தாண்டியவர், ஜில்லாவின் ஒரே துப்பறியும் விஞ்ஞானி. ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் ஃபிளாஸ்க் காபி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துப்பு துலங்காது என்பது அவர் கொள்கை. பூதக்கண்ணாடியைக்கூட இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்பார்.

இந்த இருவரோடு இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்து ஒட்டிக்கொண்டவள்தான் கமலாத்தாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். மாட்டுக்கட்டுத்தறிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அந்தச் சங்கதி தன் விஞ்ஞானத்தில் ஒட்டிவிடக்கூடாது என்று மிகவும் கவனமாக இருந்தாள். ஊர்த் தையல்காரரிடம் சொல்லி, தேவைக்கு மேல் பைகள் வைத்த வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டாள். வாய் தவறிக்கூட 'சாணி' என்று சொல்வதில்லை. 'கால்நடைக் கழிவு' என்பாள். முதல் முறை அதைக் கேட்டபோது முகம்மது குட்டி வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

வழக்கு இதுதான். நல்லேப்பிள்ளியில் அர்த்தநாரி என்ற விவசாயியின் வீட்டில், செவலை என்று பெயர் கொண்ட சிவப்புப் பசு திருடு போய்விட்டது. புகாரில் கையெழுத்து அர்த்தநாரியுடையது. ஆனால் அவரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தது மனைவி மருதாத்தாள். செவலை அவள் பிறந்த வீட்டிலிருந்து கன்றாகக் கூட வந்த பசுவின் வம்சம். அவள் போட்ட சத்தத்தில் இன்ஸ்பெக்டரே வெளியே வந்துவிட்டாராம். வெறும் மாட்டுத் திருட்டுக்கு விஞ்ஞானப் பிரிவு வேன் கிளம்பியதற்கு அந்தத் தொண்டைதான் காரணம்.

நேற்று மூவரும் அர்த்தநாரியின் கட்டுத்தறிக்குப் போயிருந்தார்கள். செவலை நின்ற இடத்தில், துள்ளலும் திமிருமாக ஓர் இளங்காளை புத்தம்புதுக் கயிற்றில் நின்றுகொண்டிருந்தது. "கூட்டாளி ஒருத்தன் வளக்கக் குடுத்தானுங்க," என்றார் அர்த்தநாரி. சரஸ்வதியம்மாள் அங்கிருந்த சிமெண்ட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு விசிலடித்தார். தொட்டியைப் பூசிய அன்றைக்கே, ஈரம் காயும் முன், செவலை அதில் மூக்கை வைத்து அழுத்தியிருந்தாள். மனிதனுக்கு விரலில் ரேகை இருப்பதுபோல மாட்டுக்கு மூக்கில் ரேகை உண்டு. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. தொட்டியில் இருந்த பதிவை பிளாஸ்டரில் வார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அன்றைய பெரிய கண்டுபிடிப்பு கமலாத்தாளுடையது. கட்டுத்தறிக் கூரையின் ஓலைக்குள் கையை விட்டுத் துழாவியபோது ஒரு பழைய கயிறு சிக்கியது. அழகாகச் சுருட்டிச் சொருகியிருந்தது. அதில் சிவப்பாக ஒரு கறை! யாருக்கும் காட்டாமல், விதிப்படி கவரில் போட்டு, வேனில் கொண்டுபோய்ச் சோதனை செய்து பார்த்துவிட்டு அரக்கு வைத்தாள். ரத்தம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றந்தான். 'சிவப்புப் பொருள். ரத்தம் அன்று' என்று எழுதினாள். கூடவே, 'கயிறு அறுக்கப்படவில்லை. முடிச்சு நிதானமாக அவிழ்க்கப்பட்டுள்ளது. மாட்டில் கை பழகிய ஆள்' என்றும் எழுதி அடிக்கோடு போட்டாள்.

அந்த அடிக்கோடு சப் இன்ஸ்பெக்டருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இன்று காலை சந்தைக்கு வந்த மருதாத்தாள், "என்ற செவலை!" என்று கத்திக்கொண்டு ஓடி ஒரு சிவப்பு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தரகர் குப்பண்ணன். மாட்டில் கை பழகிய ஆள். சப் இன்ஸ்பெக்டர் அடிக்கோட்டை ஒரு தடவை பார்த்தார், குப்பண்ணனை ஒரு தடவை பார்த்தார், பிடித்துச் சுங்கச் சாவடியில் உட்கார வைத்துவிட்டார்.

"நான் திருடலீங்க," என்றார் குப்பண்ணன்.

"பின்னே மாடு ஆரு தந்தது?"

"அது சொல்றதுக்கில்லீங்க."

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சிவப்பு மாடு ஊரெல்லாம் இருக்கிறது, இதுதான் செவலை என்று கோர்ட்டில் எப்படிச் சொல்வது? அதற்குத்தான் மூக்கு ரேகை. அதைத்தான் செவலை மென்றுகொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எடுடி, கமலா," என்றார் சரஸ்வதியம்மாள், காபியை உறிஞ்சியபடி. "மூக்கு அங்கேயேதானே இருக்கு. ஓடியா போச்சு?"

இரண்டாம் முறை முகம்மது குட்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பழத்தைக் காட்டினார். "லஞ்சம் வாங்காத சாட்சி இந்த ஜில்லாவில இல்லை, மேடம்," என்றார். கமலாத்தாள் ஈர மூக்கைத் துடைத்து, மை தடவி, காகிதத்தை அழுத்தி எடுத்து, இந்த முறை தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

சரஸ்வதியம்மாள் பிளாஸ்டரையும் காகிதத்தையும் ஒரு முக்காலியின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடி இப்படியும் அப்படியும் போயிற்று. "அச்சு அசல். இவள் செவலையேதான்."

கூட்டம் ஆரவாரித்தது. மருதாத்தாள் செவலையின் நெற்றியில் முகத்தை வைத்து அழுதாள். பக்கத்தில் நின்ற அர்த்தநாரியும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமலாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லூரியில் போய் இதைச் சொன்னால் ஒருத்தியும் நம்பமாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெருமை சப் இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கும் வரைதான்.

"இது போதும்," என்று அவர் கையைத் தட்டினார். "மாடு இவருடே மாடு. பிடிச்சது குப்பண்ணன்றே கையில. சாயங்காலம் சித்தூர் கோர்ட்டில ஹாஜராக்கணும்."

சாவடி வாசலில் சந்தையின் பழைய தரகர்கள் வந்து நின்றார்கள். வேலந்தாவளத்தில் மாட்டுக்கு விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. தரகர் தன் துண்டை விரிப்பார். அதற்கடியில் விற்பவர் கை, வாங்குபவர் கை, தரகர் கை. விரலைப் பிடித்து, மடக்கி, அழுத்திப் பேரம் நடக்கும். துண்டுக்குள் நடந்தது துண்டோடு சரி. அந்தத் துண்டைத் தோளில் போடுகிறவர் நம்பிக்கையான ஆள் என்பதுதான் சந்தையின் மொத்தச் சட்டமும். மாட்டுத் திருடன் என்று பேர் வாங்கியவனின் துண்டுக்குள் எவன் கையை விடுவான்?

"துண்டக் குடுத்துரு, குப்பண்ணா," என்றார் அவர்களில் ஒருவர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

குப்பண்ணன் முதல் முறையாக எழுந்து நின்றார். "செயிலுக்குப் போறனுங்க. அதப்பத்தி ஒண்ணுமில்ல. கேசு முடியற வரைக்குமாச்சு துண்டு தோள்ல கெடக்கட்டுங்க. இது இல்லாம நான் ஊட்டுக்கு எப்படிங்க போவேன்?"

தரகர்களை விட்டுக் கண்ணைத் திருப்பினார். கமலாத்தாள் அகப்பட்டாள்.

"அம்மிணி, முடிச்சப் பாத்து எழுதுனது நீங்கதானுங்களா? கை பழகுன ஆளுன்னு?"

"ஆமாங்க."

"நல்லாத்தான் பாத்திருக்கீங்க," என்றார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் நேராக வேனுக்கு வந்தாள். "மேடம், அவரு திருடியிருக்க மாட்டாருங்க."

"ஏன்?"

"பாத்தா அப்படித் தெரியலீங்க."

"திருடனாட்டம் தெரியறவாளையெல்லாம் போலீஸே பிடிச்சுக்கறா. நம்ம கிட்ட வரதெல்லாம் தெரியாதவாதான்." சரஸ்வதியம்மாள் மூடியில் காபியை ஊற்றி அவளிடம் நீட்டினார். "ஆனா எனக்கும் ஒண்ணு உறுத்தறது. நல்லேப்பிள்ளியிலேர்ந்து ஓட்டிண்டு வந்த திருட்டு மாட்டை, நல்லேப்பிள்ளிக்காரா அத்தனை பேரும் வர சந்தையில எவனாவது கொண்டு வந்து நிறுத்துவனோ? ரோட்டைத் தாண்டி நாலு மைல் போனா அப்பறம் யாரு கண்டா?"

"அப்படிச் செஞ்சா ஒண்ணு அவன் முட்டாளா இருக்கணும்," என்றார் முகம்மது குட்டி. "அல்லெங்கில் திருட்டு மாடுன்னே அவனுக்குத் தெரியாம இருக்கணும். குப்பண்ணன் முட்டாளில்லை. எனக்கே ஒரு தடவை கிழட்டு ஆட்டை இளசுன்னு வித்துக் குடுத்திருக்கான்."

"அப்ப குடுத்தது யாருன்னு சொல்லிட்டா முடிஞ்சுதே. ஏன் சொல்லமாட்டேங்கறார்?"

இப்படிக் கேட்டுவிட்டுச் சரஸ்வதியம்மாள் ஃபிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தார். காலி. இது நல்ல சகுனம் இல்லை என்பது வேனில் இருந்த மூவருக்குமே தெரியும்.

கமலாத்தாள் வேன் படியில் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பேரம் அப்போதுதான் படிந்திருந்தது. துண்டு விலகியது, கைகள் பிரிந்தன. விற்ற கிழவர் தன் எருதுக்குப் பக்கத்தில் போய் முதுகைத் தடவிக் கொடுத்தார். கழுத்துக் கயிற்றை நிதானமாக அவிழ்த்தார். வாங்கியவர் தன்னிடமிருந்த புதுக் கயிற்றை மாட்டின் கழுத்தில் போட்டார். கிழவர் பழைய கயிற்றைச் சுருட்டி, இரண்டு கண்ணிலும் ஒற்றி, தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

சின்ன வயதிலிருந்து அவள் நூறு தடவை பார்த்ததுதான். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கயிறும் கூடப் போனால் கட்டுத்தறியின் லட்சுமியே போய்விடுவாள். வாங்குகிறவன்தான் கயிறு கொண்டுவர வேண்டும். அவள் வீட்டில் அப்பா மாடு விற்றுவிட்டு வரும்போது வாசலிலேயே அம்மா அந்தக் கயிற்றை வாங்குவாள். வாங்கி அதில் குங்குமம் வைத்துக் கூரையில்...

கமலாத்தாளின் கையிலிருந்த காபி மூடி கீழே விழுந்தது.

"மேடம்! கயிறு!"

எழுந்து ஓடினாள். வேனின் பின்கதவுக்கு நாலே எட்டுதான் இருக்கும். அதற்குள் கால் வழுக்கி, வெள்ளைக் கோட்டோடு பொத்தென்று உட்கார்ந்தாள். "சீ! சாணி!" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கால்நடைக் கழிவு," என்று முகம்மது குட்டி பணிவாகத் திருத்தினார்.

"சாணிதானுங்க, குட்டியண்ணா! சாணி! கை குடுங்க!"

கவரை எடுத்தாள். தானே வைத்த அரக்கைத் தானே உடைத்தாள். "முத்திரையை உடைச்சா எனக்குக் காரணம் சொல்லணும்," என்று பின்னால் சரஸ்வதியம்மாளின் குரல் கேட்டது. கயிற்றில் இருந்த சிவப்பை விரலால் தொட்டு மூக்குக்கருகே கொண்டுபோனாள். நேற்றே அதைச் செய்திருக்கலாம். ரத்தமா என்று கேட்டாள், இல்லை என்று பதில் வந்தது, மூடி வைத்துவிட்டாள். அப்படியானால் இது என்ன என்று கேட்கத் தோன்றவே இல்லை.

"குங்குமம் மேடம். நேத்தே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்க ஊட்டுக் கூரையிலயே இந்த மாதிரி எத்தனையோ கயிறு சொருகியிருக்கு. நான் கோட்டப் போட்டுக்கிட்டு அதெல்லாம் மறந்துபோட்டேன்."

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். சரஸ்வதியம்மாளின் கண் பளபளத்தது.

"அப்போ பாரு, வேடிக்கையை! திருடன் மாட்டை எதைப் பிடிச்சுண்டு இழுத்துண்டு போவன்? கயித்தைத்தானே? இவன் கயித்தை அவுத்து, சுருட்டி, குங்குமம் வெச்சு, பத்திரமா கூரையில சொருகிட்டுப் போயிருக்கான். ஊரான் வீட்டு லட்சுமி போயிடப்படாதுன்னு கவலைப்படற திருடன்!"

"அப்படி ஒரு திருடன் கிடைச்சா நான் என் வீட்டுச் சாவியையே குடுப்பேன்," என்றார் முகம்மது குட்டி.

"இன்னொண்ணும் இருக்குதுங்க," என்றாள் கமலாத்தாள். "அந்தக் காளை. கூட்டாளி வளக்கக் குடுத்தான்னா அவங்க ஊட்டுக் கயித்தோடதான வரும்? அது புதுக் கயித்துல நின்னுச்சு. காசு குடுத்து வாங்குனாத்தான் புதுக் கயிறு."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று அர்த்தநாரி இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊகம் எனக்குப் பிடிக்கும்," என்றார் சரஸ்வதியம்மாள். "எஸ்.ஐ.க்குப் பிடிக்காது. அவனே வாயைத் திறக்கணும். அந்தப் பொண்டாட்டி முன்னால அவன் திறப்பனோ?"

"வாயத் தொறக்க வேண்டாமுங்க, மேடம். கையத் தொறந்தாப் போதும்."

கமலாத்தாள் சாவடிக்குப் போனாள். குப்பண்ணனின் எதிரில் நின்று கையை நீட்டினாள். "உங்க துண்டக் கொஞ்சம் குடுங்க. திருப்பி உங்க தோள்லயே போடறேன். என்னய நம்புங்க."

குப்பண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மை, சேறு, சாணி. எதைப் பார்த்து நம்பினாரோ தெரியவில்லை, துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். சந்தையே திரும்பிப் பார்த்தது. சாணி அப்பிய வெள்ளைக் கோட்டில் ஒரு பெண்பிள்ளை, கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, நேராக அர்த்தநாரியிடம் நடந்து வந்தாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒரே ஒரு சந்தேகம். எல்லார் முன்னாலயும் கேக்கறது மரியாத இல்ல. துண்டுக்குள்ள கைய வெய்ங்க. இங்க நடக்கறது வெளிய போகாது."

அர்த்தநாரி மனைவியைப் பார்த்தார். மருதாத்தாள், "வெய்ங்களே, மாட்டக் கண்டுபுடிச்சுக் குடுத்த புள்ள கேக்குதில்ல," என்றாள். சந்தைக்குப் பழகிய கை, துண்டைக் கண்டதும் தானாகவே உள்ளே போயிற்று. விரலைத் தேடிப் போன கை வேறெதையோ தொட்டது. தடவியது. முடிச்சு கிடந்த மடிப்பைத் தடவியது, நுனியில் இருந்த தேய்மானத்தைத் தடவியது.

அர்த்தநாரி கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ! இத எதுக்குங்க எடுத்தீங்க? கூரையில பத்தரமாச் சொருகி வெச்சிருந்தனே! இது ஊட்ட உட்டுப் போச்சுன்னா லட்சுமி போயிருவாளுங்களே!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கையைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

சந்தையில் இருந்த ஒவ்வொருவருக்கும் கயிற்றுச் சங்கதி தெரியும். விளக்கம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. மருதாத்தாள் மெதுவாகத் துண்டை விலக்கினாள். கயிற்றைப் பார்த்தாள். குங்குமத்தைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தநாரி மொத்தக் கதையையும் கொட்டிவிட்டார். ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு ஒரு காளையின்மேல் ஆசை. செவலையை விற்காமல் அது நடக்காது. கேட்டால் மருதாத்தாள் விடமாட்டாள். அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் குப்பண்ணனை வரச் சொல்லிக் கைமாற்றிவிட்டார். என் பேர் வெளியே வரக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தவள் "மாடு எங்கீங்க?" என்று கேட்டபோது வாயில் வந்தது "காணமே, திருடு போச்சாட்ட இருக்குது" என்பதுதான். ஸ்டேஷனில் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தால் அதோடு போய்விடும் என்று நினைத்தார். மாட்டின் மூக்குக்கெல்லாம் மை தடவ ஆள் வரும் என்று அவர் கண்டாரா?

"எங்கூட உக்காந்து நீங்களும் அழுதீங்களே!" என்றாள் மருதாத்தாள்.

"அது நெசமாலுமே அழுததுதான், மருதா. தெரிஞ்சா நீ என்ன பண்ணுவியோன்னு."

சப் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்போ கள்ளன் ஆரு?"

"கள்ளன் இல்லாத கேஸ், சார்," என்றார் முகம்மது குட்டி. "இவர் தைரியம் மட்டும்தான் களவு போயிருக்கு. அதுக்குப் புகார் எழுதணுமா?"

"எக்ஸிபிட்டு எல்லாம் எடுத்து வையுங்கோ. ரிப்போர்ட்டு வேணும்." சப் இன்ஸ்பெக்டர் எதையாவது எடுத்துப்போகாமல் கிளம்ப மனமில்லாமல் நின்றார். எல்லோரும் முக்காலியைப் பார்த்தார்கள். அதன்மேல் வைத்திருந்த இரண்டாவது மூக்கு ரேகையைக் காணோம். செவலை மென்றுகொண்டிருந்தாள்.

கமலாத்தாள் துண்டை உதறி மடித்து, சொன்னபடியே குப்பண்ணனின் தோளில் போட்டாள். என்னவெல்லாமோ சொல்ல நினைத்தாள். வந்தது இவ்வளவுதான். "நான் தப்பா எழுதிப்போட்டனுங்க. மன்னிச்சுக்கங்க."

"தப்பு என்னங்க அம்மிணி? முடிச்ச அவுத்தது கை பழகுன ஆளுன்னு எழுதுனீங்க. நெசந்தான? அவரு பொறந்ததுல இருந்து மாட்டுக்காரரு." குப்பண்ணன் துண்டின் நுனியைச் சரி செய்துகொண்டார். "விக்கறவரு பேரு துண்டுக்குள்ளயே இருக்கணுமுங்க. அத வெளிய சொல்லித் தப்பிச்சிருந்தா, துண்டு தோள்ல இருந்தும் ஒண்ணுதான், இல்லீனாலும் ஒண்ணுதான்."

பழைய தரகர்கள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். தப்பு இல்லை என்று தெரிந்துவிட்டது, சரிதான். ஆனாலும் போலீஸ் உட்கார வைத்த ஆளின் துண்டுக்குள் முதலில் யார் கையை விடுவது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குப்பண்ணனுக்கும் அது புரிந்தது. அவர் தரையைப் பார்த்தார்.

மருதாத்தாள் யாரையும் சட்டை செய்யவில்லை. செவலையின் கழுத்தில் இருந்த புதுக் கயிற்றை அவிழ்த்து, "உன்ற காசு வந்துரும்," என்று குப்பண்ணனிடம் கொடுத்தாள். பழைய கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செவலைக்குக் கட்டினாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"துண்ட விரி, குப்பண்ணா."

"அக்கா?"

"விரிங்கறேன்."

வேலந்தாவளம் சந்தையில் அன்றுவரை ஒரு பெண்ணின் கை துண்டுக்குள் போனதில்லை. குப்பண்ணன் துண்டை விரித்தார். அவள் கையை உள்ளே விட்டாள். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. குப்பண்ணன் ஒரு தரம் புருவத்தைத் தூக்கினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் யோசித்தார். அவள் விடவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. ஆனால் முகம் மட்டும் பேரத்தில் இருக்கிற தரகர் முகமாகவே இருந்தது. கமலாத்தாள் வெட்கப்படாமல் கோட்டுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் பூராவும் மை ஆயிற்று.

"ரெண்டு மாசத்தில என்ன கத்துண்டேன்னு காலேஜ்ல கேப்பாளே," என்றார் சரஸ்வதியம்மாள் அவள் காதருகே. "என்ன சொல்லப்போறே?"

"மொதல்ல சாணிய சாணின்னு சொல்லணும்னு, மேடம்."

"அதையே சொல்லு. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அர்த்தநாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. துண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மருதா, அதான் செவல கெடச்சிருச்சே. இன்னும் என்னத்தப் பேசற?"

"உங்க காளைக்கு வெல பேசறனுங்க," என்றாள் மருதாத்தாள், கையை எடுக்காமலே.

"ஐயோ! மருதா! வர்ற பந்தயத்துக்கு நான்..."

"மனசக் கெடுத்துக்காதீங்க. காளதான் போகுது," என்றாள் அவள். "கயித்த உங்ககிட்டயே குடுத்தர்றேன். கூரையில சொருகி வெச்சுக்கங்க."